குணசுந்தரி அழைத்த அறுபத்திரண்டு வீடுகள்

தைப்பூசம் முடிந்த மறு வியாழக்கிழமை ரூபினி ஸ்காட்லாந்துக்குப் புறப்பட்டாள். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் அவளை வழியனுப்ப மூன்று பேர் வந்திருந்தார்கள். அம்மா அழுதுகொண்டிருந்தார். அப்பா பெட்டியை மூன்றாவது தடவையாக நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது ஆள் குணசுந்தரி. அவள் கையில் ஒரு சாவிக்கொத்து, ஒரு மடிக்கணினி, ஒரு நீலக் கோப்பு. மூன்றும் இரண்டு நிமிடத்துக்கு முன்புதான் ரூபினியின் கையிலிருந்து மாறியிருந்தன.

"அக்கா, நல்லாக் கேட்டுக்குங்க. ரெண்டு கூட்டம் ஊத்திக்கிச்சு. மூணாவதும் ஊத்திக்கிச்சுன்னா மெசினைத் தூக்கி வேற ஸ்டேட்டுக்குக் கொடுத்துருவாங்க. நம்ம ஆபிசையும் சாத்திருவாங்க."

"ஏம்மா, பிளேன் ஏறப் போறப்ப நல்லதா நாலு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நல்லதுதான் சொல்றேன். போட்டுக்காரங்க, அதான் மீன் பிடிக்கிறவங்க, வரணும். வந்து இடத்தைக் காட்டிக் கையெழுத்துப் போடணும். அவ்ளோதான் லா."

அவ்ளோதானாம். அதைச் சொல்லிவிட்டு அந்தப் பெண் பதினொரு மாதப் பயிற்சிக்குப் போய்விட்டது. சுங்கைப்பட்டாணிக்குத் திரும்பும் வழியெல்லாம் குணசுந்தரி அந்த நீலக் கோப்பை மடியிலேயே வைத்திருந்தாள்.

ரூபினி நடத்தியது மலேசியக் கடல் ஆற்றல் கூட்டமைப்பின் வடக்குக் கிளை. கடலிலிருந்து மின்சாரம் எடுக்க நினைக்கிறவர்கள் இந்த நாட்டில் நிறையப் பேர். ஆளுக்கொரு பல்கலைக்கழகத்தில் ஆளுக்கொரு தொட்டியில் குட்டிக் காற்றாடி மாதிரி ஒன்றைச் சுற்றவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் செய்வது இன்னொருவருக்குத் தெரியாது. அவர்களையும், இரும்பு வளைக்கும் பட்டறைக்காரர்களையும், உத்தரவு கொடுக்கும் அதிகாரிகளையும், கடலில் தினமும் கிடக்கும் மீனவர்களையும் ஒரே இடத்தில் உட்கார வைத்தால் நாட்டுக்கு ஒரு புதுத் தொழிலே பிறக்கும் என்பது கூட்டமைப்பின் நம்பிக்கை. அதன் முதல் சோதனை கெடாவில் நடப்பதாக இருந்தது. ஒரு பல்கலைக்கழகக் குழுவும் கூலிமில் ஒரு சிறிய பட்டறையும் சேர்ந்து ஒரு மெசின் செய்திருந்தார்கள். மிதவைக்கு அடியில் தொங்கும். மூடா ஆற்றின் வாயில் கடல் ஏறும்போதும் இறங்கும்போதும் ஓடுகிற நீர் அதைச் சுற்றும். அதை எங்கே கட்டுவது என்பதுதான் இரண்டு கூட்டமாகத் தீராத கேள்வி.

குணசுந்தரிக்கு ஐம்பத்தொரு வயது. பிறந்தது தோட்டத்தில், குடியிருப்பது பாக்கார் ஆராங்கில். கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் கண் மட்டும் தெரியும் வெள்ளை உடுப்போடு இருபத்திரண்டு வருடம் நின்றவள். கூடவே வேலை செய்தவர்கள் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் அவளைப் பார்த்தால், கண்ணுக்குக் கீழே இப்படி ஒரு முகம் இருக்கிறதா என்று திகைப்பார்கள். அந்தத் தொழிற்சாலையின் குடும்ப தினத்தை ஒன்பது வருடம் அவள்தான் நடத்தினாள். ஆயிரத்து நானூறு தலை. ஒரு தடவைகூட ஒரு பொட்டலம் சோறு குறைந்ததில்லை. பிறகு அவள் நின்ற உற்பத்தி வரிசையையே வேறு நாட்டுக்கு மாற்றினார்கள். கேக் வெட்டி அனுப்பிவைத்தார்கள். அதன் பிறகு ஒருவரும் கூப்பிடவில்லை. ஒரு மாதம் வீட்டிலிருந்து அடுப்பங்கரையை மூன்று விதமாக மாற்றி அடுக்கினாள். சீனி டப்பாவைத் தேடித் தேடிக் களைத்த கணவர் காளிதாசன்தான் ஜலீல் கடையில் போய் முறையிட்டார்.

ஜலீலின் சாப்பாட்டுக்கடைக்கு மேல்மாடியில்தான் ரூபினியின் ஆபிஸ். "மேல ஒரு பொண்ணு இருக்கு. தண்ணியில கரண்டு எடுக்கப் போகுதாம்" என்றார் ஜலீல். "எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஆனா தெனம் ஆறு கிளாஸ் தே தாரே மேல போகுது. அதனால நல்ல ஆபிசுதான். கூட்டம் கூட்ட ஆளு வேணுமாம், தங்கச்சிய அனுப்பு."

அப்படி வந்த வேலை. நான்கு மாதம் ஆகியிருந்தது. காலையில் புடவை கட்டிக்கொண்டு, முகம் தெரிய, பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்களுக்கு நடுவில் போய் உட்காருவது குணசுந்தரிக்குப் பிடித்திருந்தது. அதை விடுவதாக இல்லை.

முதல் இரண்டு கூட்டங்களும் அலோர்ஸ்டாரில் ஒரு ஹோட்டலில், வாரநாளில், காலை ஒன்பது மணிக்கு நடந்தவை. இருபத்தெட்டு பேர் வந்தார்கள். இருபத்தெட்டு பேரும் அதிகாரிகளும் ஆராய்ச்சியாளர்களும். மீனவர்களுக்குப் போட்ட இருபது நாற்காலியும் காலி. அவர்களுக்கென்று வைத்த கறிபாப் பலகாரத்தையும் அதிகாரிகளே சாப்பிட்டார்கள்.

குணசுந்தரி முதலில் செய்தது, எல்லோரும் செய்வதைத்தான். நீலக் கடல், சுழலும் மெசின், பதினொரு சின்னங்கள் போட்ட போஸ்டர் ஒன்றை மீனவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினாள். எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று நீலக் குறி விழுந்தது. ஒரே ஒருவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். விசாரித்தால் அவர் டுரியான் விற்கிறவர்.

மறுவாரம் காளிதாசனைக் காடி எடுக்கச் சொல்லி நேரே கோத்தா கோலா மூடாவுக்குப் போனாள். படகுத்துறையான ஜெட்டியில் மீனவர் சங்கத் தலைவர் சுல்கிப்லி வலைச் சிக்கலைப் பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி ஜைனப் இறால் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். பேச்செல்லாம் மலாயில்தான் நடந்தது.

"பாக் சுல், நான் அனுப்புன போஸ்டரைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். அழகா இருந்துச்சு. பதினொரு சின்னம். எண்ணிப் பாத்தேன்."

"அப்புறம் ஏன் ஒருத்தரும் பதிலே சொல்லல?"

சுல்கிப்லி தலையைத் தூக்கவில்லை. "அது தகவல். டீசல் வராதுன்னு தகவல் வரும். அலை பெருசுன்னு தகவல் வரும். தகவலுக்கு யாராவது பதில் சொல்லுவாங்களா? எங்கள யாரும் கூப்பிடலயே."

"கல்யாணத்துக்குக்கூட ஸ்டிக்கர் அனுப்பித்தான் கூப்பிடுவீங்களா, காக்?" என்றாள் ஜைனப். மலாயில் ஐயாவுக்குப் பாக், அக்காவுக்குக் காக். அக்கா என்று சொல்லிக்கொண்டே குத்தினாள்.

குணசுந்தரிக்குச் சுருக்கென்றது. தெரியாதவள் என்றால் பரவாயில்லை. தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டுக்குப் பத்திரிகை வைக்க மறந்துவிட்டு, அந்த வீட்டார் மூன்று வருடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததைக் கண்ணால் பார்த்தவள் அவள்.

"சரி. நாளு நீங்க சொல்லுங்க" என்றாள்.

சுல்கிப்லி முதல் தடவையாக நிமிர்ந்தார். மாதத்தில் சில நாள் கடல் அதிகம் ஏறாது, இறங்காது. தண்ணி செத்துக் கிடக்கும் என்பார்கள். அந்த நாளில் வலை போட்டுப் பயனில்லை. அவர் விரல்விட்டு எண்ணி, நான்கு வாரம் கழித்து வரும் ஒரு சனிக்கிழமையைச் சொன்னார். எந்த அதிகாரியின் நாட்காட்டியிலும் இல்லாத கணக்கு அது.

சுங்கைப்பட்டாணியில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையில் அட்டை தயாரானது. தங்க விளிம்பு, ரோஜாப் பூ. கடைக்காரரிடம் இருந்தது அதுதான். வாசகத்தை மலாயில் குணசுந்தரியே எழுதினாள். ஜெட்டிக்குப் பக்கத்துத் திடல், காலை பத்து மணி, மதிய விருந்து உண்டு. எழுதி முடித்ததும் கை தானாக இன்னொரு வரியைச் சேர்த்தது: குடும்பத்தோடு வந்து சிறப்பிக்க வேண்டும். அட்டையென்றால் அந்த வரி இருக்கத்தான் வேண்டும். அவள் அதைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

மூன்று வாரத்து விடுமுறை நாள்களில் அறுபத்திரண்டு வீடு. காளிதாசன் ஓட்ட, இவள் இறங்கி ஏறினாள். ஒவ்வொரு வீட்டிலும் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் தண்ணி கலக்கிக்கொண்டு வருவார்கள். ஐந்தாவது வீட்டுக்குள் சிராப் தண்ணி அவளுக்குக் கழுத்துவரை வந்துவிட்டது.

"நம்ம கல்யாணத்துக்குக்கூட நான் இத்தனை வீட்டுக்குப் பத்திரிகை வைக்கல" என்றார் காளிதாசன்.

"அதான் உங்க சித்தப்பா இன்னும் நம்ம வீட்டுப் படியேறல. பேசாம ஓட்டுங்க."

வாசலில் விடைபெறும்போது ஒவ்வொரு வீட்டிலும் மறக்காமல் சொன்னாள்: "குடும்பத்தோட வந்துருங்க." வீட்டில் ஒரு ஆளை மட்டும் கூப்பிட்டால் அது அழைப்பா, அவமானம் அல்லவா?

சொன்னது அவள் வாய். கணக்குப் போட்டது அவள் தலை. தலையில் இருந்ததோ ஆபிஸ் கணக்கு: வீட்டுக்கு ஒரு பிரதிநிதி. அறுபத்திரண்டு மீனவர்கள், கூட இருபத்தெட்டு பெரிய மனிதர்கள். ஜலீலிடம் தொண்ணூறு சாப்பாடு சொன்னாள். கெமா என்ற கூடாரத்துக்கு அடியில் எண்பத்தைந்து நாற்காலி, முன்வரிசையில் பிரமுகர்களுக்கு ஐந்து சோபா. ஆயிரத்து நானூறு பேருக்குக் குறைவைக்காதவள் சறுக்கியது இங்கேதான்.

அந்தச் சனிக்கிழமை வந்தது. மெசின் குழுவின் தலைவர் டாக்டர் நடராஜா ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். நெட்டையான, கூச்ச சுபாவமுள்ள மனிதர். அறுபத்து நான்கு படங்கள் திரையில் காட்டத் தயாராக வைத்திருந்தார். பத்து மணிக்குத் திடலில் அதிகாரிகளையும் ஏற்பாட்டாளர்களையும் தவிர நான்கு பேர் இருந்தார்கள். அதில் மூன்று பேர் கெமா கட்ட வந்தவர்கள்.

"வரலன்னாலும் பரவால்லம்மா" என்றார் நடராஜா. "நம்மகிட்ட டேட்டா இருக்கு."

"டேட்டா வந்து கையெழுத்துப் போடுமா, டாக்டர்?"

குணசுந்தரி சாலை முனைவரை நடந்து எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். ஆபிஸ் சாவி கைப்பையில் கல் மாதிரி கனத்தது. பத்தரைக்கு முதல் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அடுத்து இன்னொன்று. அப்புறம் காடிகள், வேன், நடந்து வருகிறவர்கள். குடும்பம் குடும்பமாக ஒரே நிறத்தில் உடுத்தி, பிள்ளைகளுக்குப் பவுடர் பூசி, கையில் பளபளக்கும் காகிதம் சுற்றிய பெட்டிகளோடு கோத்தா கோலா மூடாவே எழுந்து வந்துகொண்டிருந்தது.

"குணா, நீ கூட்டினது கூட்டமா, கல்யாணமா?" என்றார் காளிதாசன்.

முதலில் வந்த பெண் வருகைப் பதிவேட்டின் மேல் ஒரு பெட்டியை வைத்துவிட்டுச் சோபாவில் போய் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் புட்டியை எடுத்தாள். அவளைப் பார்த்து இன்னும் நான்கு கைக்குழந்தைக்காரிகள் வந்து உட்கார்ந்தார்கள். பிரமுகர்கள் தூணோரம் நின்றார்கள். ஒரு மேசைக் காற்றாடிப் பெட்டியை மார்போடு அணைத்தபடி வந்த ஜைனப் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"பொண்ணு மாப்பிள்ளை எங்க, காக்?"

குணசுந்தரி அட்டையை எடுத்துப் பார்த்தாள். ரோஜாப் பூ. தங்க விளிம்பு. குடும்பத்தோடு வந்து சிறப்பிக்க வேண்டும். காது வரைக்கும் சூடேறியது. ஆனால் வந்த விருந்தாளி முன்னால் நின்று விழிப்பது இன்னும் பெரிய அவமானம்.

"பொண்ணு அதோ" என்று கெமாவின் மூலையில் போர்த்தி வைத்திருந்த மெசினைக் காட்டினாள். "மாப்பிள்ளைதான் இன்னும் கெடைக்கல. தண்ணி நல்லா ஓடுற ஒரு நல்ல இடம். அவனைத் தேடத்தான் உங்க எல்லாரையும் கூப்பிட்டோம்."

ஜைனப் ஒரு கணம் முறைத்தாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்பு வரிசை வரிசையாகத் திடல் கடைசிவரை போனது.

சிரிக்காதவர் ஜலீல் ஒருவர்தான். "தங்கச்சி! தொண்ணூறுன்னு சொன்ன! இங்க முந்நூறு தலை நிக்குது! அதுக்குப் பதிலா என்னைக் கடல்ல தள்ளிடு!"

"அண்ணே, கத்தாதீங்க. அரிசி இருக்கா?"

"அரிசி கடையில இருக்கு. கொழம்ப யாரோட வாப்பா வந்து வைப்பாரு?"

அதற்குள் ஜைனப் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தாள். அந்த ஊர் விருந்தில் விருந்தாளி சமைப்பது ஒன்றும் புதிதில்லை. பெண்கள் பத்துப் பதினைந்து பேர் அண்டாவைச் சூழ்ந்தார்கள். சுல்கிப்லி வீட்டு ஐஸ் பெட்டிகள் திறந்தன. முந்தின நாள் மீன் வந்தது. காளிதாசன் ஜலீலின் ஆளோடு அரிசிக்குப் பறந்தார். மின்சார வயர் மசாலா அரைக்கும் மிக்சிக்குப் போய்விட்டதால் அறுபத்து நான்கு படங்களும் பெட்டிக்குள்ளேயே கிடந்தன. சும்மா நின்ற டாக்டர் நடராஜாவின் கையில் யாரோ ஒரு கத்தியையும் ஒரு கூடை வெங்காயத்தையும் கொடுத்தார்கள்.

வெங்காயம் உரித்த மேசையில்தான் ஆற்றுவாயின் வரைபடமும் விரிந்து கிடந்தது. வெள்ளரிக்காய்த் தட்டை நகர்த்திய ஜைனப் அதைக் குனிந்து பார்த்தாள். நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி.

"இது யாரு வச்ச புள்ளி?"

"கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு வச்சது" என்றார் நடராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அதுக்குப் போட்டு ஓட்டத் தெரியுமா? எங்க வீட்டுக்காரர் தெனம் போற வழி அது. மொத நாளே முட்டும்." ஜைனப் மீன் கத்தியின் நுனியால் கரையோரம், பழைய ஜெட்டியின் உடைந்த தூண்கள் நிற்கும் இடத்தைத் தொட்டாள். "இங்க வைங்க. இங்க எவனும் வலை போடமாட்டான். போட்டா தூண்ல மாட்டிக் கிழியும். தண்ணி மட்டும் பிச்சிக்கிட்டு ஓடும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கிழிஞ்ச வலையத் தைக்கிறது யாரு? நான்தானே."

"இதை ஏன் முன்னாடியே ஒருத்தரும் சொல்லல?"

ஜைனப் குரலைத் தாழ்த்தினாள். "எங்க ஆம்பளைங்கள ஓட்டலுக்குக் கூப்பிட்டீங்க. டை கட்டுனவங்க முன்னால எழுந்து, நான் வலையக் கிழிச்சிக்கிட்ட எடம் இதுன்னு சொல்லுவாங்களா?"

பக்கத்து மேசையில் மீன் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். ஒருத்தி தன் வீட்டுக்காரர் மூன்று வலை விட்டதைச் சொன்னாள். இன்னொருத்தி நாலு என்றாள். சுல்கிப்லியைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். அவர் வரைபடத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பிடரியைச் சொறிந்தார்.

"ரெண்டு வலை" என்றார் கடைசியில். "எடம் சரிதான்."

உடனே ஒரு படகு கிளம்பியது. நடராஜா வெங்காய வாசனையோடு நீரோட்டம் அளக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு ஏறினார். முக்கால் மணி நேரம் கழித்து இடுப்புவரை நனைந்து வந்தவர், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஓடிவந்தார். "தண்ணி செத்த நாள்லயே இவ்ளோ ஓட்டமா! மத்த நாள்ல எப்படி இருக்கும்!" அவருடைய கூச்சம் ஆற்றிலேயே கரைந்துவிட்டது. யாரும் கேட்காமலே பக்கத்திலிருந்தவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கெமா கட்ட வந்தவர்.

சாப்பாடு முடியும்போது மணி மூன்று. ஜலீலின் கடைசிச் சட்டியில் ரசம்போலத் தண்ணீராக ஓடிய குழம்பையும் மக்கள் விடவில்லை. அப்புறம் சம்மதப் படிவம் வந்தது. வீட்டுக்கு ஒரு கையெழுத்துக்குத்தான் அதில் இடம் இருந்தது. குணசுந்தரி அளவுகோலை வைத்து ஒவ்வொரு வரிக்கும் கீழே இன்னொரு கோடு போட்டாள். அறுபத்திரண்டு வீட்டிலும் கணவனும் மனைவியும் சேர்ந்து கையெழுத்திட்டார்கள். அந்தக் கட்டு நீலக் கோப்புக்குள் போன பிறகுதான் அவள் காலையிலிருந்து முதல் வாய் தண்ணீர் குடித்தாள்.

பரிசுகள் மட்டும் பாக்கி. பதினான்கு கண்ணாடிக் குவளை செட், இரண்டு சோறு ஆக்கும் பானை, ஒரு சுடுநீர்க் குடுவை, ஒரு மேசைக் காற்றாடி. பரிசு வாங்குவது விதிக்கு விரோதம் என்று ஓர் அதிகாரி கவலைப்பட்டார்.

"திருப்பிக் கொடுத்தா அது எங்க விதிக்கும் இவங்க விதிக்கும் விரோதம், துவான்" என்றாள் குணசுந்தரி. குவளைகளும் பானைகளும் மீனவர் சங்கக் கூடத்துக்குப் போயின. காற்றாடி பெட்டி பிரிக்காமல் ஜெட்டிக் குடிசையின் பரண்மேல் ஏறியது. அது பொண்ணோட சீதனமாம். மெசினின் முதல் கரண்டில்தான் அது சுற்ற வேண்டும் என்று ஜைனப் கட்டளை போட்டுவிட்டாள்.

மறுநாள் ரூபினி கூப்பிட்டாள். படங்களைப் பார்த்துவிட்டிருந்தாள்.

"அக்கா, சோபாவுல ஏன் லா அஞ்சு பேபி?"

"அதெல்லாம் பிரமுகருங்கதான்மா."

"கூட்டம் நல்லபடியா முடிஞ்சிச்சா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

"சோறு பத்தல. மத்ததெல்லாம் நல்லபடியா முடிஞ்சிச்சு."

அதன் பிறகு காகிதங்கள் நடந்த நடை ஆமை நடை. உத்தரவு வர ஆறு மாதம். மிதவையின் அளவு தப்பி, கூலிம் பட்டறையில் மறுபடி வெட்டி ஒட்டினார்கள். மழைக்காலம் ஒன்று போனது. ரூபினி திரும்பி வந்து, குளிர் தாங்கிய தோலுக்கு இந்த வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று அலுத்துக்கொண்டு, பழைய நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆபிஸ் மூடப்படவில்லை. மேலே போகும் தே தாரே ஆறிலிருந்து ஒன்பதானது. கூட்டமைப்பின் கையேட்டில் குணசுந்தரியை ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். அவள் மூன்றே வரிதான் எழுதினாள்: நாளை மீனவரிடம் கேட்க வேண்டும், வீட்டுக்குப் போய் அழைக்க வேண்டும், ஓர் அட்டைக்கு ஐந்து தட்டு.

திடல் கூட்டம் முடிந்த பதினைந்தாவது மாதம், திரங்கானுவில் கூட்டமைப்பின் முதல் தேசியச் சந்திப்பு. நான்கு மாநிலத்து மீனவர்கள், ஒன்பது பல்கலைக்கழகம், இருபது பட்டறை. முதல் நாள் மாலை, குணசுந்தரி மண்டபத்தில் அதிகாரிகளுக்கும் மீனவர்களுக்கும் நாற்காலியைக் கலந்து போடச் சொல்லிக்கொண்டிருந்தாள். பின்வரிசையில் ரூபினி பெயரட்டைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அந்த வாரம் மெசினை ஆற்றில் இறக்கி நடராஜா சோதித்துக்கொண்டிருப்பது இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி ஒருவரிடம் ஒருவர் பேசாமல் இருந்தார்கள்.

கைப்பேசி சிணுங்கியது. ஜைனப். ஒன்பது விநாடிக் காணொளி. ஜெட்டிக் குடிசை, பலகை மேல் மேசைக் காற்றாடி, அதன் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நெஞ்சைக் காட்டி உட்கார்ந்திருக்கும் சுல்கிப்லி. காற்றில் அவருடைய சட்டைக் காலர் படபடத்தது. குணசுந்தரி அதை மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் கீழே எழுதியிருந்ததைப் படித்தாள்.

"காக், பொண்ணு வேலைக்குப் போயிட்டா. மாப்பிள்ளையும் ஒழுங்கா நடந்துக்கிறான். வர்ற சனிக்கிழமை தண்ணி செத்த நாள். சமையல் எங்களோடது. குடும்பத்தோட வந்துருங்க."